அண்ணையின் பந்தும் என் பந்தும்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுக்க முடியாதவர்கள் எங்கள் அணியில் ஒரு மாதம் வந்து நிற்கலாம். எந்தப் பிழையையும் பொறுக்கப் பழகிவிடும்.

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் கதவுத் தொழிற்சாலைக்கு ஒரு பேஸ்போல் அணி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு தொழிற்சாலைக்காரரோடு விளையாடுவோம். அணியிலேயே பெரிய அடி அடிப்பவர், என்னோடு கதவுக்குப் பிணைச்சல், அதாவது கீல், பூட்டும் ஓர் அண்ணை. அவர் அடித்தால் பந்து வேலியைத் தாண்டி, கார் நிறுத்தும் இடத்தில் போய் விழும். பிறகு, மட்டையைக் கீழே போடாமல், கிரிக்கெட் ஞாபகத்தில் கையிலேயே பிடித்தபடி, தேர் போல ஆடி அசைந்து ஆறுதலாக மைதானத்தைச் சுற்றி வருவார்.

பந்து பிடிப்பதில் மட்டும் கொஞ்சம் குறை. அதாவது, பிடிக்கமாட்டார். காரணங்களுக்குக் குறைவில்லை: வெயில், காற்று, ஈரப் புல், ஒருமுறை மேலே போன விமானம்.

நான் அவருக்குப் பக்கத்தில் நிற்பேன். இருவருக்கும் நடுவில் பந்து வந்தால், பிடிக்கப் போகிறவர் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு யாரிடமும் சத்தம் வராது. வயதில் மூத்தவரிடம் எப்படி வரும்?

“எடுங்கோ அண்ணை.”

“பரவாயில்லை தம்பி, நீ எடு.”

நாங்கள் இப்படி உபசரித்துக்கொண்டு நிற்க, பந்து புல்லில் விழுந்து ஓய்வெடுக்கும்.

தொழிற்சாலையில் எங்களை மேய்க்கும் போர்மன்தான் அணியையும் நடத்துகிறவர்; அவர் கடைசியில் பொறுமை இழந்தார். இன்னும் ஒரு பந்தை விட்டால் அண்ணை அடிக்க மட்டும்தான், மற்ற நேரம் வெளியே கதிரையில் உட்கார்ந்து இருக்கட்டும் என்றார். அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவருடைய மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பன் மிசிசாகாவிலிருந்து ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது.

“சம்பந்திக்கு முன்னால என்னைக் கதிரையில இருத்தினால் என்ன மரியாதை, தம்பி?”

சம்பந்தி வந்தார். அவரோடு ஒரு பெட்டி நிறையத் தின்ன மீன் ரோல்ஸும் வந்தது. அண்ணை இரண்டு முறை வேலிக்கு மேலால் அடித்தார். சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார். கடைசிப் பந்து உயரப் போய், எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கியது. அண்ணை கையுறையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். தொட்டால் விடுவார், விட்டால் கதிரை. பிறந்ததிலிருந்து வராத சத்தம் எனக்கு அன்றைக்கு வந்தது.

“விடுங்கோ அண்ணை, உங்களுக்கு ஏலாது. என்ர பந்து.”

பூங்கா முழுக்கக் கேட்டது. பந்து என் கைக்குள் வந்தது. வென்றோம். அண்ணையின் மரியாதையும் தப்பியது என்று நினைத்தேன்.

அவர் நேரே என்னிடம் வந்தார். “ஏலாதெண்டு சம்பந்திக்குக் கேக்கச் சொல்லிப்போட்டாய், என்ன?”

“உங்களைக் கதிரையில இருத்திப்போடுவாங்கள் எண்டு பயந்துதான் அண்ணை.”

“என்னை ஆர் இருத்திறது? நானே இருக்கிறன்.”

இனிமேல் பந்து பிடிக்க நிற்கமாட்டேன் என்று போர்மனிடம் போய்ச் சொன்னார். போர்மன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது கவலையில் என்று அண்ணை எடுத்துக்கொண்டார்.

இப்போது அடித்து முடிந்ததும், ஞாயிறு தவறாமல் வரும் சம்பந்திக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எனக்குப் பந்து பிடிக்கப் பழக்குகிறார். இன்றைக்கு நான் ஒன்றை விட்டுவிட்டேன்.

“உந்தப் பந்தை நானெண்டால் பிடிச்சிருப்பன்” என்று அவர் சம்பந்திக்குச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

14 செப்டம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை.