பிளஷர் காருக்குச் சந்தனம் அப்பிய சுருளிவேல்

சுருளிவேல் என் சின்னம்மா மகன். எனக்குத் தம்பி முறை. குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்த பழனிச்சாமி முதலாளியின் பிளஷர் காருக்கு ஐம்பத்தாறாம் வருஷத்தில் அவன்தான் டிரைவர். காக்கிச் சட்டை மாட்டிய நாளிலிருந்து சொந்தக்காரர் ஒருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போனது. காருக்குள் இருப்பது எதுவும் முதலிலிருந்தே தெரியாது. பக்தி மட்டும் ஏராளம்.

பானட்டைத் திறந்தால் சட்டிபோல ஒன்று இருக்கும், அதற்குள் கம்பி வலை. என்ஜின் இழுக்கும் காற்றிலுள்ள தூசியைப் பிடித்து வைப்பது அந்த வலையின் வேலை. இவனோ அதைக் காரின் முகம் என்று முடிவுகட்டி, வெள்ளிதோறும் வலை நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தான். அதைக் கழுவுவது பாவமாம்.

கார் ஏற்றத்தில் இளைத்தது, கரும்புகை கக்கியது. கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினான்.

முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"கம்பத்துக்குப் போயி மாப்பிள்ளைய ஏத்திட்டு வா. நடுவழியில நின்னுச்சுன்னா, சாவிய மத்தியாஸ்ட்ட குடுத்துட்டு நடையக் கட்டு" என்றார் முதலாளி. பட்டறைக்கார மத்தியாஸுக்கு அந்தச் சாவிமேல் வெகுநாளாகக் கண்.

மாப்பிள்ளையும் அவருடைய அத்தை மாரித்தாயும் ஏறினார்கள். மலையில் மூன்றாவது வளைவில் கார் திணறி நின்றது. சுருளிவேல் பானட்டைத் திறந்து கும்பிட்டு, இன்னொரு கை சந்தனம் எடுத்தான். மாரித்தாய் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா அது?"

"காரோட முகங்க ஆத்தா. காத்துப் போற வழியும் இதுதான்னு மத்தியாஸ் சொல்வான்."

"வழிய அடைச்சுப்புட்டா கும்பிடுறே? ஒம் மூக்குல இதை அப்புறேன், மலையேறிக் காட்டு பாப்போம்! கழத்து அத."

"பாவம் ஆத்தா..."

"முகூர்த்தம் தப்புனா ஒம் மொதலாளி பூசை போடுவாரு, அதையும் கும்பிட்டுக்க."

சாவி நினைவுக்கு வந்தது, பாவம் மறந்துபோனது. கழற்றினான். காய்ந்த சந்தனமும் தூசியும் செங்கல்போல இறுகியிருந்தன. வலையைத் துணியில் சுற்றி மாரித்தாய் மடியில் வைத்துக்கொள்ள, கார் புகையில்லாமல் ஏறியது. தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று. சாவி அவனிடமே தங்கியது. மத்தியாஸுக்குப் புது வலை மாட்டும் வேலைதான் கிடைத்தது.

"அம்மன் ஏத்திவிட்டா" என்று பந்தியில் அளந்தான் சுருளிவேல்.

அதற்குப் பிறகு மாரித்தாய் சம்பந்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம், காரில் ஏறுமுன் கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்: "எங்க, மொதல்ல மூக்கைக் காட்டு!" காக்கிச் சட்டைக்காரன் பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவனுக்கு அடையாளம் தெரியாத சொந்தக்காரர்கள் நாங்கள் அத்தனைபேரும் சுற்றி நின்று பார்ப்போம்.