ஆட்டோ ஆடிய ஆட்டம்

2000களின் நடுவில் பெங்களூரு விவேக் நகரில் குடியிருந்தேன். ஒரு பஸ் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து எனக்கு நெஞ்சுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோரமங்களா பக்கம் ஒரு மைதானத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுவேன். அப்போது சென்னையில் ஒரு போட்டி வந்தது. விபத்துக்குப் பிறகு நான் வெளியூர் போனதே இல்லை. இந்தப் போட்டிக்குப் போயே தீருவது என்று இருந்தேன்.

செலவை ஏற்க ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி முன்வந்தது. சும்மா இல்லை. அவர்கள் செய்த தீப்பெட்டி அளவு கருவியை ஆடும்போது எங்கள் இடுப்பில் கட்டுவார்களாம். உடம்பு எவ்வளவு அசைகிறது என்று அது பதிவு செய்யுமாம். யாருக்கு ஸ்கோர் அதிகமோ அவர்கள்தான் டீமில்.

எங்களில் மற்றவர்கள் எல்லோரும் போலியோ வந்தவர்கள். இடுப்புக்கு மேலே உடம்பு நன்றாக இருக்கும். குனிந்து நிமிர்ந்து சக்கரத்தைத் தள்ளுவார்கள். நான் அப்படிக் குனிந்தால் தரையில்தான் கிடப்பேன். அதனால் பெல்ட்டால் நாற்காலியோடு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைகளால் மட்டும் தள்ளுவேன். மைதானம் முழுக்கச் சுற்றி வந்தாலும் என் இடுப்பு அசையாது. அதில் போய்ப் பெட்டியைக் கட்டினால் அது என்னத்தைச் சொல்லும்?

"மேடம், உங்க மூவ்மென்ட் ரொம்பக் கம்மியா இருக்கு. கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றார் கம்பெனி இன்ஜினியர். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது. எனக்கோ உள்ளங்கை தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"தம்பி, இதை என் கையில கட்டுங்க. இல்லாட்டி சக்கரத்துல கட்டுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டுனாத்தான் மேடம் நியாயம்" என்றார்.

நியாயமாம். கோச்சைப் பார்த்தேன். கன்னடக்காரர், நல்ல மனிதர்தான். "ஏனு மாடோதும்மா, ஸ்பான்சர் அவங்க. நாம என்ன பண்றது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இப்படியே சில வாரம் போனது. ஒரு ஞாயிறு ஆட்டம் முடிவதற்கும் மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. பெட்டியைக் கழற்றிக் கொடுக்காமலே ஆட்டோவில் ஏறிவிட்டேன். இடுப்பில் உணர்வே இல்லாதவளுக்கு அங்கே ஒரு பெட்டி இருப்பது எப்படித் தெரியும்? ஈஜிபுரா வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்த நேரம் அது. விவேக் நகர் வந்து சேர்வதற்குள் பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடிவிட்டது. பெட்டியை மறுநாள் கோச் வந்து வாங்கிப்போனார்.

அந்த வாரமே இன்ஜினியர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், கடைசியில பின்னிட்டீங்க. நீங்கதான் டாப். சென்னைக்கு ரெடியாகுங்க."

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பு வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. கை தோல் உரிய ஆடியபோது நான் அசையவே இல்லையாம். குண்டும் குழியுமான ரோட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தபோது நான்தான் முதல் ஆளாம். வாயை மூடிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கலாம். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன். ஆனால் என் ஆட்டத்துக்குக் கிடைக்காத இடம் ஆட்டோவின் ஆட்டத்துக்குக் கிடைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"தம்பி, அது நான் ஆடுனது இல்ல, ஆட்டோ ஆடுனது. வேணும்னா அதை டீம்ல சேர்த்துக்கங்க" என்றேன்.

"அப்ப உங்க ரெக்கார்டை எடுத்துடறேன் மேடம்" என்றார். எடுத்தும் விட்டார். ஆட்டோவில் வந்ததை மட்டுமா, அத்தனை வாரம் நான் ஆடியதையும் சேர்த்து. பெட்டியைக் கட்டிய இடம் தப்பு என்பது மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. டீம் நான் இல்லாமலே சென்னைக்குக் கிளம்பியது.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். இன்றைக்கும் நான் எவ்வளவு உழைக்கிறேன் என்று அளந்து பார்க்க யாராவது வந்தால், உங்கள் பெட்டியை என் உடம்பில் எங்கே கட்டப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.