ஏழு அயல்நாட்டுச் சிப்பாய்களும் ஒரு மாமல்லபுரப் பயணமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக எவ்வளவு நேரமாகும், வழியில் சாப்பாடு கிடைக்குமா என்று போன வாரம் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை போனதுதான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டிய தகவலும் இதற்குள்ளேயே இருக்கும்.

அப்போது நான் ராணுவத்தில் கல்விப் பிரிவு ஹவில்தார். வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு விவசாயக் கிராமம். சென்னைக்குத் தெற்கே இருந்த ஒரு முகாமில், வெளிநாட்டிலிருந்து வரும் படையினருக்குப் பயிற்சி கொடுக்கும் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள். வரைபடம் பார்ப்பது, ஆங்கிலத்தில் தகவல் அனுப்புவது, இவை இரண்டும் என் பாடம். அந்த முறை வந்தவர்கள் ஆப்பிரிக்காவில் ஒரு நட்பு நாட்டைச் சேர்ந்த ஏழு பேர். நாட்டின் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும்.

ஆறு மாதப் பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தது. கடைசிப் பரீட்சையாக, செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குன்றுகளில் மூன்று நாள் நடை. பகலெல்லாம் சுமையோடு நடப்பது, மாலையில் கூடாரம், விடியுமுன் மறுபடி கிளம்புவது. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கொளவாய் ஏரிக்கரையில் நடை முடிந்தபோது, நிற்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. எனக்கும்தான். "இவங்களை ஒரு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு முகாமுக்கு வந்துடணும்" என்று அதிகாரி சொல்லிவிட்டு ஜீப்பில் போய்விட்டார். எனக்குக் கடல் வேண்டாம், ஒரு கட்டில் போதும் என்றிருந்தது.

முகாம் லாரி வேறு வேலைக்குப் போய்விட்டதால் செங்கல்பட்டில் ஒரு வேன் பிடித்தேன். நாள் வாடகை தொண்ணூறு ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநரும் உரிமையாளரும் ஒருவரே, காசிம் பாய். ஐம்பது வயதிருக்கும். ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஆளுங்க தூங்கிக்கினே வந்துகினு கீறாங்க. மொதல்ல நாஸ்தா பண்ண வையி, அப்பறம் வண்டி எடுக்கலாம்" என்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் இட்லி, பொங்கல். ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம்.

திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். எட்டு இருபதுக்கு அங்கே டீ குடித்தோம். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் பதினைந்து. சாலை குறுகல், இருபுறமும் புளியமரம், நிழலுக்குக் குறைவில்லை. ஒன்பது பத்துக்குக் கடற்கரைக் கோயில் பக்கம் இறங்கினோம்.

ஏழு பேரில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுத் தலைவர் லெப்டினன்ட் டானியல். இருபத்தாறு வயது, அளந்து பேசுகிறவர். இன்னொருவன் யூசுப், கார்ப்போரல், இருபத்திரண்டு வயது. எங்கள் ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்று கூப்பிடுவது வழக்கம். அந்தச் சொல் அவன் ஊரிலும் உண்டாம். மற்றவர்கள் 'சார்' என்றபோது அவன் மட்டும் முதல் நாளிலிருந்தே 'உஸ்தாத்' என்றான். இருவரும் நாட்டின் வேறு வேறு மூலைகளிலிருந்து வந்தவர்கள், வேறு மதம், வேறு தாய்மொழி. ஆறு மாதமும் ஒரே அறையில் இருந்தார்கள். வெளியே போனால் ஒரே கூடாரம்.

அன்று காலை யாரும் சிற்பம் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நான் வழிகாட்டி மாதிரி இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு மணலில் படுத்துத் தூங்கினார்கள். நானும் கோயில் மதில் நிழலில் சாய்ந்துகொண்டேன். டானியல் மட்டும் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தார். சிற்றலையில் எப்போதாவது அவர்கள் நாட்டு வானொலி கிடைக்கும். பன்னிரண்டரை மணிக்குக் கிடைத்தது. செய்தி இல்லை, பேண்டு வாத்தியம். ஒரு அணிவகுப்புப் பாட்டு முடிந்ததும் அடுத்தது. பத்து நிமிடம் அதுவே ஓடியது.

தூங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று டானியலைக் கேட்டேன். "எங்கள் ஊரில் வானொலி இப்படி வாசித்தால் அரசாங்கம் போய்விட்டது என்று அர்த்தம்" என்றார்.

பிறகு ஒரு குரல் அவர்கள் நாட்டுப் பொதுமொழியில் பேசியது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் வரிசையாகப் பெயர்களைப் படித்தார். ஒரு பெயர் வந்தபோது மற்ற ஐந்து பேரும் டானியலைப் பார்த்தார்கள். பிறகு, எல்லோரும் பேசி வைத்த மாதிரி, யூசுப்பைப் பார்த்தார்கள்.

டானியலே எனக்கு விளக்கினார். ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழுவில் அவருடைய தாய்மாமன் இருக்கிறார். பதவியிழந்த ஜனாதிபதியின் மாளிகைக் காவலில் யூசுப்பின் அண்ணன் இருந்தான். காவல்படை சரணடையவில்லை என்று வானொலி சொன்னது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மாளிகையைத் தாக்கியவர்களிலும் காத்தவர்களிலும், முந்தைய ஆண்டுகளில் அதே நாட்டிலிருந்து எங்கள் முகாமுக்கு வந்து போனவர்கள் இருந்திருப்பார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை இரண்டு பக்கமும் படித்திருக்கும். வெயிலில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்தேன். யோசித்து முடிக்கிற அளவுக்குத் தெம்பில்லை.

எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுப்போம் என்று ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். அளவுச் சாப்பாடு இரண்டு ரூபாய். இலை போடும்போது எண்ணினால் ஆறு பேர். யூசுப்பைக் காணோம்.

மணி ஒன்றரை. வெளிநாட்டுச் சிப்பாய் ஒருவன் காணாமல் போனால் பொறுப்பு என்னுடையது. ஐந்து பேரைக் காசிம் பாயிடம் விட்டுவிட்டு, டானியலும் நானும் தேடினோம். வடக்கே மீன் சந்தை வரை போனோம். இல்லை. தெற்கே ஐந்து ரதம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் புகுந்து நடந்தோம். மூன்று நாள் நடந்த கால். ஒவ்வொரு அடியும் மணலில் புதைந்தது. தோப்பு முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து குடிசையோடு ஒரு மீனவர் குப்பம். மணி மூன்று ஆகியிருந்தது.

ஒரு குடிசைக்கு வெளியே, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் யூசுப் உட்கார்ந்திருந்தான். கையில் அலுமினியத் தட்டு, சோறு, மீன் குழம்பு. பக்கத்தில் நின்றவர் பெயர் ஏழுமலை, அந்த வீட்டுக்காரர்.

"சார், இவுரு உங்க ஆளா?" என்றார் ஏழுமலை. "கடலைக் காட்டுறாரு, கட்டுமரத்தைக் காட்டுறாரு, வாட்ச்சைக் கயட்டிக் கையில குடுக்குறாரு. இன்னா கேக்குறாருன்னே புரியல. மூஞ்சியப் பாத்தா பசிச்ச மூஞ்சியா கீது. மொதல்ல துன்னுப்பான்னு எங்க வூட்டுக்காரி சோறு போட்டுச்சி."

"படகில் போகணும்னு கேக்கறான்" என்றேன்.

"கட்டுமரத்துல எங்க சார் போறது? மீன் புடிச்சிட்டு வூட்டுக்கு வர்றதுதான் நமக்குத் தெரியும்." வாட்ச்சை என்னிடம் நீட்டினார். "இத்த அவரு கையில கட்டி வுடு."

யூசுப் டானியலைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து விறைத்து நின்றான். தட்டு இன்னும் இடது கையில் இருந்தது.

"உன் அண்ணன் விடுமுறையில் இருந்தாரா?" என்று டானியல் கேட்டார். எனக்காக ஆங்கிலத்தில் பேசினார் என்று நினைக்கிறேன்.

"இல்லை. பணியில்."

"என் மாமா பெயரைக் கேட்டாயா?"

"கேட்டேன்."

டானியல் மணலில் உட்கார்ந்தார். யூசுப்பும் உட்கார்ந்தான். ஆசிரியர் புத்தி, தெரிந்ததைச் சொன்னேன். "யூசுப், இது கிழக்குக் கடல். உன் ஊர் மேற்கே இருக்கிறது. இதில் போனால் ஊர் வராது."

"தெரியும் உஸ்தாத்" என்றான். "அதனால்தான் இந்தக் கடலைக் கேட்டேன்."

திரும்பி நடக்கும்போது நொண்டினான். வேனில் ஏற்றியதும் காசிம் பாய் அவன் பூட்சைக் கழற்றச் சொன்னார். குதிகால் முழுக்கச் சீழ், கணுக்கால் வீங்கியிருந்தது. மூன்று நாளும் அந்தக் காலோடு என் பின்னால் நடந்திருக்கிறான். சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. என் களைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் அவன் நெற்றியில் கை வைத்தார். "தம்பி, உடம்பு நெருப்பா கீது. போற வயில செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில காட்டிடு."

"முகாம்லயே டாக்டர் இருக்கார் பாய்."

"இருப்பாரு. மாத்திரை குடுத்து, பிளேன்ல ஏத்திடுவாரு." வண்டியைக் கிளப்பிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். "இங்க படுக்கப் போட்டா பத்து நாளு. அவுங்க ஊர்ல எவன் இருக்கான், எவன் பூட்டான்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும். இப்ப போனா பேஜாருப்பா."

பாய்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஐந்து பேரோடு இரண்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்திருந்தவர். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள் என்பதைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார்.

திருக்கழுக்குன்றம் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். ஆறு மணிக்கு ஏழு பேரை ஒப்படைக்க வேண்டும், அது உத்தரவு. அனுமதியில்லாமல் வெளி ஆஸ்பத்திரியில் விட்டால் விசாரணை வரும். புதிய அரசாங்கம் எல்லோரையும் உடனே திருப்பி அனுப்பச் சொல்லும் என்பதும் தெரியும். என்ன செய்யலாம் என்று டானியலிடம் கேட்டேன். அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்: "அவன் கால் நேற்றே மோசமாக இருந்தது. குழுத் தலைவராக நான் அப்படித்தான் எழுதுவேன். அது பொய்யும் இல்லை."

ஐந்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. நூற்று மூன்று டிகிரி சுரம். பணியில் இருந்த பெண் மருத்துவர் காலைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். "பத்து நாளைக்கு இந்தக் காலை அசைக்கக் கூடாது" என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். முகாமுக்குப் போனபோது ஏழேகால். ஆறு பேரும் ஒரு காகிதமும்.

இரண்டாம் நாளே தந்தி வந்தது, பயிற்சியை நிறுத்தி எல்லோரையும் அனுப்பச் சொல்லி. எட்டாம் நாள் ஆறு பேரும் விமானம் ஏறினார்கள். கிளம்புவதற்கு முந்தைய மாலை டானியல் ஆஸ்பத்திரிக்கு வந்து அரை மணி நேரம் யூசுப்பின் கட்டிலருகே இருந்தார். போகும்போது, "உன் அண்ணனைத் தேடுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

கால் ஆறியதும் யூசுப் திரும்பிப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தான். கோப்பு டெல்லிக்குப் போனது. அவனை முகாமிலேயே ஒரு அறையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் டானியலின் கடிதம் என் பெயருக்கு வந்தது. இரண்டே வாக்கியம். 'நீங்கள் கேட்டவர் இருக்கும் இடம் தெரிந்தது. வர வேண்டாம்.' யார், எங்கே, எப்போது, எந்த நிலையில் என்று நான்கும் இல்லாத தகவல் தகவலே இல்லை என்று அவருக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தவன் நான். வழியில் யார் பிரித்துப் படிப்பார்களோ என்று, நான்கையும் விட்டு எழுதியிருந்தார்.

யூசுப் அதை என்னையே படிக்கச் சொன்னான். இரண்டு முறை படித்தேன். "இடம் என்றால் சிறையா, புதைத்த இடமா உஸ்தாத்?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொரு நாடு அவனை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது, ரொட்டிக் கடையில் வேலை என்று. டானியலிடமிருந்து பிறகு எதுவும் வரவில்லை. விசாரணையில் என்னைக் கண்டித்தார்கள், பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. அவ்வளவுதான் எனக்கு நேர்ந்தது.

இனி உங்களுக்கு. செங்கல்பட்டு–மாமல்லபுரம் இருபத்தொன்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டுக்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் கடற்கரைக் கோயிலைப் பார்க்கலாம். அங்கே நிழல் குறைவு. ஐந்து ரதத்துக்குத் தெற்கே மணலில் நடப்பது பார்ப்பதற்குச் சுலபம், நடந்தால்தான் தெரியும், தண்ணீர் எடுத்துப் போங்கள். கூட்டமாகப் போனால், யாராவது நொண்டுகிறார்களா என்று முதல் மைலிலேயே திரும்பிப் பாருங்கள். களைப்பாக இருக்கிற நாளில் பயணம் வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது.

அடுத்த ஆண்டு அதே நாட்டின் புதிய அரசாங்கம் எட்டுப் பேரைப் பயிற்சிக்கு அனுப்பியது. முதல் நாள் பாடத்திலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கடைசி நடை முடிந்ததும், இவர்களையும் ஒரு நாள் கடலுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் அதிகாரி. முடியாது என்றேன். பதினெட்டு ஆண்டு வேலையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அந்த ஒருமுறைதான். அவர் காரணம் கேட்கவில்லை. வேறொருவரை அனுப்பினார்.