முதல் பீரியடில் பதினொன்று

எங்கள் ஏழாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஜன்னல் கம்பிகள் பதினாறு, உடைந்த ஓடுகள் ஒன்பது, முதல் பீரியடில் தூங்குகிறவர்கள் பதினொன்று. கடைசி எண்ணை மட்டும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கினார். மற்றவற்றை யாரும் கேட்கவில்லை, நானாக வைத்திருந்தேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணியே எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

அந்தப் பதினொன்றில் ஒருத்தி என் அக்கா. நடுவில் ஒரு வருஷம் படிப்பு நின்றுபோனதால் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு முதல் ஒன்பது வரை பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் கைமடிப்பாள். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்குகிற வேலை. பிறகுதான் பள்ளி. அம்மா அங்கேயே, தைத்ததில் பிசிறும் ஓட்டையும் பார்க்கிற செக்கிங். எட்டரைக்குப் போனால் போதும். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தவறினால் அக்காவுக்கு இனி முழு ஷிப்டு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் தூங்குகிற முதல் பீரியடோ கணக்கு.

டீச்சர் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக் கால அட்டவணையை மாற்றினார். முதல் பீரியட் விளையாட்டு. ஓடினால் தூக்கம் கலையும். கணக்கு மூன்றாவது. கடைசிப் பீரியடில் வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே முடித்துவிட வேண்டும். எங்கள் வீடுகளில் நோட்டு விரிக்க வேண்டிய இடத்தில் பனியன் துணி கிடந்தது அவருக்குத் தெரியும். வருகைப் பதிவும் இரண்டாம் பீரியடுக்குப் போயிற்று. ஆளுக்கு ஒன்றாக வீட்டில் ஒட்ட, நாற்பத்து மூன்று தாள்களையும் நான்தான் கார்பன் வைத்து எழுதினேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தாளை என்னிடம் நீட்டிக் கேட்டாள்.

"மொதப் பீரியட்டு என்ன கண்ணு?"

"வெளையாட்டும்மா."

"அதுக்கு எதுக்கு அடிச்சுப் புடிச்சு ஓடோணும்? அக்கா இன்னும் ஒரு மணி நேரம் மடிச்சுப் போட்டுட்டுப் போவட்டும்."

பனியன் கம்பெனிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் எல்லாம் அதே தீர்ப்பு.

நான் மைதானத்தில் நின்று எண்ணினேன். தூங்குகிறவர் ஒருவருமில்லை. பன்னிரண்டு நாளும் பூஜ்யம். பெருமையோடு நோட்டை நீட்டினேன். டீச்சர் முகம் வாடியது.

"எத்தன பேருல பூஜ்யம் கண்ணு?"

"வந்தவங்கள்லீங்க. முப்பத்திரண்டு."

"மிச்சம் பதினொண்ணும் மூணாவது பீரியட்ல எம் முன்னாலதான் தூங்குதுக."

மறுநாள் புதிதாக ஓர் அட்டவணை தந்து எழுதச் சொன்னார். முதல் பீரியட் கணக்கு, மூன்றாவது விளையாட்டு.

"பழையபடிக்கேவாங்க டீச்சர்?"

"ஊட்டுக்குப் போற தாள்ல அப்படி. இங்க, மொதப் பீரியட்ல ஓடறவங்க ஓடட்டும், தூங்கறவங்க தூங்கட்டும். கணக்கு மூணாவதுதான்."

"அப்ப இது பொய்யுங்களே."

"எழுத்துப் பிழை இல்லாம எழுது சாமி, போதும்."

நாற்பத்து மூன்று பொய்களைக் குண்டு குண்டாக எழுதினேன். கணக்கு என்று கேட்டதும் அம்மா, "அப்பச் சரி, நேரத்துல அனுப்போணும்" என்றாள்.

அக்கா கடைசி பெஞ்சில் தலை சாய்த்து மணி அடிக்கும்வரை தூங்கினாள். மூன்றாம் பீரியடில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்; பின்னக் கணக்குக்கு ஒருநாள் கைகூடத் தூக்கினாள். நானோ நோட்டில் தினமும் பதினொன்று, பதினொன்று என்று எழுதிக் குமைந்தேன். தூக்கம் ஒன்றுகூடக் குறையவில்லையே. டீச்சர் ஒவ்வொரு பதினொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' போட்டார். பூஜ்யத்துக்கு வாடியவர் இதற்கு ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அரையாண்டில் அக்கா கணக்கில் நாற்பத்தாறு வாங்கினாள். அதற்குச் சில வாரம் முன்பு, ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட வீட்டுக்குப் போனோம். அம்மாவும் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். அக்காவின் இடது கன்னத்தில் நீல மையில் எண்கள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. முதல் பீரியடில் அவள் மை காயாத கணக்கு நோட்டின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அம்மா அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை நனைத்துத் துடைத்தாள்.

"கணக்கு நல்லாத்தான் ஏறியிருக்குது. மண்டைல ஏறறதுக்கு முன்னால கன்னத்துல ஏறிப்போச்சு."

அவ்வளவுதான். சோற்றைப் போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் விழித்தபோது அக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டரைக்குக் கிளம்புகிற அம்மாவின் செருப்பை வாசலில் காணோம்.

அன்று முதல் பீரியடில் பத்துப் பேர்தான் தூங்கினார்கள். என் எண்ணிக்கையில்தான் பிழை என்று மறுபடி எண்ணினேன். அப்போதும் பத்து. குறைந்த ஒன்று எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கவேயில்லை.