மூணு நாள் காயணும்

துபாய் மரச்சாமான் கண்காட்சியில் என்ன பார்த்தாய் என்று மரக்காணத்தில் யார் கேட்டாலும், அந்தோணிராஜ் கையை ஆட்டி ஆட்டி விஸ்தாரமாகச் சொல்வார். பட்டனை அமுக்கினால் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் கட்டில். பேரீச்சங்கொட்டையை அரைத்துச் செய்த மேசை. எந்தப் பக்கம் உட்காருவது என்றே புரியாத ஒரு நாற்காலியை நாலு தடவை சுற்றி வந்து, கடைசியில் அது விளக்கு என்று தெரிந்து அசடு வழியத் திரும்பிய கதை. டீக்கடையே சிரிக்கும். ஆனால் நான்காம் நாள் நடந்ததைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அவர் இடையஞ்சாவடி பக்கம் ஒரு பட்டறையில் பாலிஷ்காரர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தேக்கின் மேல் வட்ட வட்டமாகத் தேய்த்தாரென்றால் மரத்தில் முகம் பார்க்கலாம். ஒரே எதிரி கடற்காற்றுதான். வெயிலில் உப்பு காய்ந்து குவிகிற கடற்கரை என்று பேர். ஈரக்காற்று ஏறிவிட்டால் அவருடைய பாலிஷ் மட்டும் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். அவசரப்பட்டு யாராவது உட்கார்ந்தால் லுங்கியின் நெசவு அப்படியே மரத்தில் அச்சாகிவிடும். அதனால் பட்டறையில் அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: மூன்று நாள் யாரும் உட்காரக்கூடாது. முதலாளி வினோதினியே ஒரு தடவை தெரியாமல் உட்காரப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

அவர் மனைவி லூர்துமேரி துபாயில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போய் ஆறு வருஷம். நடுவில் ஒரே ஒரு தடவை வந்தாள், அதுவும் மூன்றரை வருஷத்துக்கு முன்னால். அப்புறம் அந்த வீட்டில் குழந்தை பிறந்தது; இவள் லீவு தள்ளித் தள்ளிப் போனது. தினமும் போனில் முகம் பார்க்கிறார்கள்தான். பார்த்து என்ன பிரயோஜனம்? போனை வைத்த பிறகு அந்த இரண்டு அறை வீடு அவருக்கு மைதானம் மாதிரி ஆகிவிடும்.

"அண்ணா, நம்ம சேர் துபாய் கண்காட்சிக்குப் போவுது. வழியில கீறல் விழுந்தா சரி பண்ண நீங்களும் கூட வரணும்" என்று வினோதினி சொன்னபோது, சம்பளம், விமானம் எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"அங்கேர்ந்து மேரி வேல செய்யிற வீடு எவ்ளோ தூரம்மா?"

தூரம் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மேடம் மனசு வைத்தால் வருகிறேன் என்றாள். மூன்று நாள் போயிற்று. உலகமே வந்து காட்டிய சோபாவையும் அலமாரியையும் விட அவர் அதிகம் பார்த்தது நுழைவாசலைத்தான். பைக்குள் அவளுக்காகக் கொண்டுவந்த, தமக்கு மட்டும் மணக்கிற நெத்திலிக் கருவாடு ஏழு கவருக்குள் காத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை நாற்காலியின் இருக்கையில் நீளமாக ஒரு கீறலைப் பார்த்தார். முந்தின நாள் யாருடைய பையின் ஜிப்போ கீறியிருக்கிறது. கதவு திறப்பதற்குள் தேய்த்து, புதிதாகப் பாலிஷ் ஏற்றி முடித்தார்.

மத்தியானம் அவள் வந்துவிட்டாள். சோபா பார்க்க வந்த மேடம், குழந்தை வண்டியோடு அவளையும் கூட்டி வந்திருந்தார். அரை மணி நேரம் என்று விரலில் காட்டிவிட்டு மேடம் அந்தப் பக்கம் போனார். லூர்துமேரி அவரைப் பார்த்துச் சிரித்தபடியே வண்டியை ஓரம் கட்டினாள்.

"அப்பாடா, காலைலேர்ந்து நின்னு நின்னு காலு கடுக்குதுங்க" என்று நாற்காலியில் உட்காரப் போனாள்.

"ஏய்! உக்காராத! பாலிஷ்!"

நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றரை வருஷமாக என்னென்னவோ பேச நினைத்திருந்த மனுஷன், அவளிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் கோபிக்கவில்லை. "இன்னும் மாறலியா நீங்க?" என்று நிமிர்ந்து நின்றுகொண்டாள். நின்றபடியே வீட்டு ஒழுகல், மகள் தமிழ்நிலாவின் காலேஜ் என்று எல்லாம் விசாரித்தாள். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றாள். நாற்காலியைப் பெருமையாகத் தடவிப் பார்த்தாள், இருக்கையைத் தொடாமல். குழந்தை அழுதது, மேடம் வந்தார், மேரி கணவனையும் நாற்காலியையும் காட்டி அரபியில் என்னவோ சொன்னாள். கருவாட்டை வண்டிக்கு அடியில் சொருகிக்கொண்டு போய்விட்டாள். வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவள் போன பிறகுதான் அந்தோணிராஜ் இருக்கையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ரேகை விழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அந்த ஏசி ஹாலில் ஈரம் என்பதே கிடையாது. காலையில் போட்டது எப்போதோ காய்ந்து கண்ணாடியாகியிருந்தது. ஊர்க் கடற்காற்றுக்குப் போட்ட சட்டத்தைப் பாவி மனுஷன் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்து பெண்டாட்டி தலையில் போட்டுவிட்டார். அழுகை வந்தது. துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத இருக்கையைத் துடைத்துக்கொண்டே அழுதார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அவள் போனில் சொன்னாள்.

"நம்ம சேரை மேடமே வாங்கிட்டாங்க. ஹால்ல கெடக்குது. தெனம் நான்தான் தொடைக்கிறேன்."

"உக்காந்து பாத்தியா?"

"நல்லா கேட்டீங்க. வேலக்காரி போயி ஹால் சேர்ல உக்கார்றதா?"

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போக உப்பளத்தை ஒட்டிய நிறுத்தத்தில் அவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. முதலில் கூரை தெரிந்தது. பிறகு அவள் முகம். அவள் தோளுக்குப் பின்னால், அவர் கண்ணை மூடிக்கொண்டே தடவிக் காட்டக்கூடிய அந்த நாற்காலியின் முதுகுச் சாய்வு.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்க" என்றாள் மெதுவாக. "ஏங்க, காஞ்சிருச்சா? உக்காரவா?"

அவர் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"காஞ்சிருச்சு மேரி. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். புதுச்சேரி பஸ் இரண்டு வந்து நின்று போயின. அவர் எதிலும் ஏறவில்லை.