நான் பாம்பான கதை

மேலூரில் ஒரு ஜெபக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், ஏதேன் தோட்டத்துப் பாம்பு நான்தான் என்று முடிவானது. அந்த நேரத்தில் நான் மதுரையில் என் வீட்டில் அயிரை மீன் உரசிக்கொண்டிருந்தேன். சாயங்காலமே அந்தப் பிரசங்கம் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியது தெரியாத நம்பர். பாஸ்டர் என் பெயரைச் சொல்லவில்லை. "அந்த மூத்த சகோதரி" என்று மட்டும் சொன்னார். சபையே ஆமென் போட்டது.

என் தங்கையை மேலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். நாங்கள் திருவாதவூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை கிரானைட் கம்பெனியில் சூப்பர்வைசர். காதல் கல்யாணம்தான். அவனுடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம். தங்கை மறுபேச்சில்லாமல் தண்ணீரில் முங்கி எழுந்தாள். அவன் கேட்டிருந்தால் நெருப்பிலும் இறங்கியிருப்பாள், அப்படி ஒரு பைத்தியம் அவன்மேல்.

அப்புறம் இரண்டு முறை கரு கலைந்தது. முதல் முறை மாமியாரும் கூட உட்கார்ந்து அழுதாள். இரண்டாம் முறை அழவில்லை. சபையில் இன்னாருடைய மகள் எவ்வளவு லட்சணம், எவ்வளவு அடக்கம் என்று தங்கை சோறு போடும்போதெல்லாம் மகனிடம் சொல்ல ஆரம்பித்தாள். நீ எப்போது கிளம்புகிறாய் என்பதை இதைவிட நாகரிகமாக யாரும் கேட்க முடியாது. என் தங்கைக்கு அந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பது அவள் வயிற்றில்தான் இருந்தது.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு வேம்பு, அதன் அடியில் ஒரு புற்று. பிள்ளை தங்காதவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து பாலும் முட்டையும் வைத்து, துள்ளுமாவு படைத்து, மரத்தில் சின்னதாக ஒரு தொட்டில் கட்டிவிட்டுப் போவார்கள். பச்சரிசியும் வெல்லமும் இடித்த அந்த மாவைப் புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே தின்றுவிட்டு, மிச்சத்தை நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

அங்கே போகலாம் என்று சொன்னது மாப்பிள்ளை. கூட வேலை பார்க்கிறவனின் பெண்டாட்டிக்கு அங்கே கட்டித்தான் தங்கியதாம். தங்கை எனக்குப் போன் போட்டுச் சொன்னபோது நான் சிரித்தேன். பாம்பு பால் குடிக்காது, அந்தப் பாலை நீ குடித்தாலாவது உடம்பில் ஒட்டும், போய் நல்ல டாக்டராகப் பார் என்றேன். சாமி விஷயத்தில் எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் போனார்கள். பைக் ஓட்டியது அவன். தொட்டிலைக் கட்டியதும் அவன், இவளுக்குக் கிளை எட்டவில்லை.

மாவு ருசியாக இருந்ததாம். மடையன், மிச்சத்தை யாருக்கும் கொடுக்காமல் டிபன் பாக்ஸில் அடைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். பாக்ஸைக் கழுவத் திறந்த மாமியாருக்கு வாசனை பட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. அவளும் சின்ன வயதில் அதே மாவைத் தின்று வளர்ந்தவள்தான். அதனால் அவளிடம் பொய் சொல்லித் தப்ப வழியே இல்லை.

சனிக்கிழமை இருவரையும் ஜெபக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததைத் தங்கை அன்றைக்கே குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் எனக்குச் சொன்னாள். பாஸ்டர் முதலில் அவனிடம்தான் கேட்டிருக்கிறார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இவதேன் குடுத்தா பாஸ்டர், நான் தின்னேன்" என்றானாம். மாமியார், மருமகளின் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டேன் என்று அப்போதே சொன்னாளாம். பிறகு பாஸ்டர் இவளைப் பார்த்து, யாரம்மா உனக்கு இந்தப் புத்தியைச் சொன்னது என்று கேட்டிருக்கிறார்.

"எங்க அக்காதேன் போகச் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டாள்.

போனில் இதைச் சொல்லும்போது அவள் தேம்பினாள். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஆனால் கட்டி வைத்த துணி அன்று ராத்திரியே பீரோவுக்குத் திரும்பிவிட்டது என்றும் சொன்னாள். இனிமேல் நான் போன் போடக் கூடாது, அவளும் போட மாட்டாள், அதுதான் மன்னிப்புக்கு விலை. மறுநாள் பிரசங்கம். ஏவாள் பாவம், ஏமாந்தவள், பாம்பை வீட்டுக்குள் விட்டதுதான் அவள் செய்த தப்பு என்று பாஸ்டர் உருகினார். பாம்பு ரத்த உறவு மாதிரியும் வரும் என்றார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு.

ஞானஸ்நானத்தின்போது தங்கைக்குக் கொடுத்த வேதப்புத்தகம் அவள் கொண்டுபோகாமல் என் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது. என்னை எதுவாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாமே என்று எடுத்தேன். சிம்மக்கல்லில் நான் வேலை பார்க்கிற மொத்த வியாபாரக் கடையில் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அந்த ஒரு அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் சாத்தான் என்ற பேச்சே இல்லை. கடவுள் உண்டாக்கிய காட்டு உயிர்களில் அது கெட்டிக்காரப் பிராணி என்றுதான் இருக்கிறது. அதையும் அவரே உண்டாக்கியிருக்கிறார். பிறகு அவர் தோட்டத்துக்கு வருகிறார். ஆணிடம் கேட்கிறார், அவன் பெண்ணைக் காட்டுகிறான். பெண்ணிடம் கேட்கிறார், அவள் பாம்பைக் காட்டுகிறாள். பாம்பிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. நேராகத் தீர்ப்புதான். எங்கள் ஊர் மந்தைப் பஞ்சாயத்தில் ஆடு திருடினவனைக்கூட, நீ என்னப்பா சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அபராதம் போடுவார்கள்.

இதை மனதில் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை நான். மேலூருக்கு பஸ் ஏறிப் போய் பாஸ்டரையே பார்த்தேன். மரியாதையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். இந்த இடத்தில் சாத்தான் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் புத்தகத்தின் கடைசிக்குப் புரட்டி, பழைய பாம்புதான் பிசாசு என்று சொல்கிற இடத்தைக் காட்டினார். இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் முதல் அத்தியாயங்களில் பேர் இல்லாமல் திரிந்த ஒன்றுக்குக் கடைசிப் பக்கத்தில் வந்து பேர் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அது பிராணியா பிசாசா என்பது இருக்கட்டும், அதனிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"பாம்புகிட்ட என்னத்தம்மா கேக்குறது?" என்றார். "அது வாயத் தொறந்ததுனாலதான இம்புட்டும்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். புற்றுக்குப் போகச் சொன்னது அவர் சபைப் பிள்ளைதான் என்று நான் சொன்னதை, அவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். பஸ்ஸில் வரும்போது கடவுள் பாம்புக்கு இட்ட அந்தச் சாபம் முழுவதையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். வயிற்றால் நகர்வதும் மண்ணைத் தின்பதும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பாம்புக்கும் பெண்ணுக்கும் பகை வைப்பேன் என்று ஒன்று இருக்கிறதே, அது பலித்துவிட்டது. தங்கை என் நம்பரைப் பிளாக் செய்திருந்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்குப் பிள்ளை தங்கியது. பாம்பை விலக்கி வைத்ததால் கிடைத்த ஆசீர்வாதம் என்று சபையில் சாட்சி சொன்னார்களாம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமியார் அறை வாசலிலேயே கையைக் குறுக்கே வைத்து மறித்தாள். சத்தம் கேட்டுத் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். மாமியாரை உள்ளே குழந்தையிடம் அனுப்பிவிட்டு என்னை வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப் போனாள்.

நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் சபைக்கு வருகிறேன், யார் போகச் சொன்னது, யார் பைக் ஓட்டியது, யார் தொட்டில் கட்டியது என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்கிறேன், இனிமேலும் என்னால் இந்தப் பழியைச் சுமக்க முடியாது என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"வேணாங்க்கா. பாம்பா நீயே இருந்துட்டுப் போ. நீ இல்லேன்னு ஆகிருச்சுன்னா, அடுத்து நான்தேன்."

அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சரி, நானே இருந்துகொள்கிறேன் என்றேன். பிள்ளை யார் சாடை என்று மட்டும் கேட்டேன்.

அவள் அறை வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒன்னையத்தேன் உரிச்சு வச்சிருக்கு. அவுங்ககிட்ட சொல்லிக்கிறல" என்றாள்.