ஊடு என்று படித்தேன், தப்பாம்

அந்த அட்டை குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. லேமினேட் செய்த அட்டை. இன்றைக்கும் ஜெராக்ஸ் கடையில் அந்த மெஷின் சூடாகிற வாசனை வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்...

அப்போது நான் நாலாம் வகுப்பு. கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருகிறதா, கணக்கு வருகிறதா என்று ஆராய்ச்சி செய்ய மெட்ராஸிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். அந்த வாரம் முழுக்க தினமும் ரயிலில் வந்து போனார். ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தார்.

அட்டையில் இருந்தது இதுதான்: "மழை பெய்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது."

நான் கடகடவென்று படித்தேன். "மழ பேஞ்சுது. ஊட்டுக்குள்ள தண்ணி வந்துது."

"சரியா பார்த்துப் படிம்மா."

"பார்த்துதான் மிஸ் படிச்சேன். ஊட்டுக்குள்ள தண்ணி வந்துது."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், நான் வாசிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

சொல்லுங்கள், இது என்ன நியாயம்? படிக்கத் தெரியாத பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறும். நான் வரியைப் பார்த்தேன், விஷயத்தைப் புரிந்துகொண்டேன், எங்கள் ஊட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படிச் சொன்னேன். அந்த வருஷ மழையில்தான் எங்கள் ஊட்டுக்குள் தண்ணீர் புகுந்து சோற்றுக் குண்டான் மிதந்தது. இது வாசிப்பு இல்லையென்றால் எதுதான் வாசிப்பு?

மறுநாளே எங்களில் சிலரைப் பிரித்து 'எழுத்துக் குரூப்' என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மதியம் வகுப்பில் கணக்கு நடக்கும். எனக்கு உயிரே கணக்குதான்... அன்றைக்குத்தான் வகுத்தல் ஆரம்பித்தார்கள். உள்ளே வகுத்தல், வெளியே நான் அ, ஆ அட்டை வைத்துக்கொண்டு.

சார் உள்ளே ஒரு கணக்குக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடையைச் சொன்னேன். சரியான விடை.

"உன்னை யார் கேட்டா? நீ எழுத்துக் குரூப். போய் உக்காரு."

அழுகை வரவில்லை. அ, ஆ அட்டையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அந்தம்மா ரயில் ஏறிட்ச்சா?" என்றாள். தெரியாது என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

மேடம் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மேடம், எம்பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிட்டீங்களாமே?"

"இது ஆராய்ச்சிம்மா. அட்டையில இருக்கிறதை அப்படியே சொல்லணும். அதான் ரூல்."

"நீங்க காட்டுனது ஊடு. அவ சொன்னதும் ஊடு. இதுல தப்பு எங்க கீது? கணக்கு நடக்கச்சொல்ல வெளிய குந்திகினு கீறா எம்பொண்ணு."

மேடம் கடலைப் பொட்டலத்தை மடித்தார். "வெளியவா? நான் அப்படிச் செய்யச் சொல்லலியே" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பையிலிருந்து அதே அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "வீ...ட்டுக்குள்" என்று நீட்டி முழக்கிப் படித்துவிட்டு, "அதாவது, ஊட்டுக்குள்ள" என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். என்னைப் பற்றிக் குறித்திருந்த தாளை மடியிலேயே வைத்து அடித்துத் திருத்தினார். ரயில் வந்துவிட்டது, ஏறும்போது, "சார்கிட்ட நாளைக்கு நானே சொல்றேன் பாப்பா" என்றார். சொன்னார். மறுநாள் மதியம் நான் உள்ளே இருந்தேன்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால்...

நாங்கள் இப்போது மணவாள நகரில் இருக்கிறோம். பையன் மூன்றாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் வாசிப்புத் திறன் டெஸ்ட். மேடம் எல்லாம் இல்லை, சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட், 'டேப்' என்கிறார்கள். பிள்ளை படிக்கும், டேப் கேட்டு மார்க் போடும். இவன் "ஊட்டுக்கு" என்றிருக்கிறான், சிவப்பாகக் காட்டியிருக்கிறது. கணக்கு பீரியடில் இவனுக்குத் தனியாக எழுத்துப் பயிற்சியாம். அதே மாதிரி வராந்தா.

பள்ளிக்கு ஓடினேன். டீச்சர் நல்ல பெண்தான், என்னைவிட அவருக்குத்தான் சங்கடம்.

"அவன் நல்லா படிப்பான்னு எனக்கே தெரியும் மேடம். ஆனா ரிசல்ட் ஆன்லைன்ல ஏத்தியாச்சு. எங்களால மாத்த முடியாது."

"யார் மாத்துவாங்க?"

"அது தெரியல மேடம்."

பையன் நேற்றிலிருந்து 'ஊடு' என்று சொல்வதில்லை. சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு, "வீடு" என்கிறான். என் அம்மாவிடம் போனில் பேசும்போதும் அப்படித்தான். அம்மா என்னைக் கூப்பிட்டு, "புள்ள இன்னாத்துக்கு என்னாண்ட அசலாரு மாறி பேசுது?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.  அன்றைக்கு பிளாட்பாரத்தில் பேசிய அதே குரலில் கேட்டாள்.

"அந்த டேப்பு எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறும்? சொல்லு, நான் வரேன்."